செம்பனை நிலத்துக்குள் வேட்டைக்காரர்கள்: கேட்டுவிட்டு வரணுமா, “நுழையாதே” பலகை இல்லாவிட்டால் வரலாமா?

நிபோங்காரன்:
வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் பதில் சொல்லுங்கள். பினாங்கில் நிபோங் திபால் பக்கம் அப்பா விட்டுப்போன செம்பனை நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் பெரிய தோட்டம், பின்னால் வாய்க்கால், அதற்கு அந்தப்பக்கம் புதர். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், தம்பிதான் போய்ப் பார்த்துக்கொள்கிறான். கிழட்டு மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்ததிலிருந்து காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. கன்றைக் கிளறிச் சாய்த்து நடுக்குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் கன்று அதோடு முடிந்தது, வேறு வாங்கித்தான் நடணும்.

இப்போது பன்றிக்குப் பின்னால் ஆட்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரியில் ஹைலக்ஸ் வண்டி, நாய்கள், தலையில் விளக்கு. காலையில் தம்பி போனால் வரப்பில் சிவப்பு நிறத் தோட்டா உறைகள் கிடக்கின்றன, வாய்க்காலுக்குக் குறுக்கே நடந்து கடக்க நாங்கள் போட்டிருந்த நடைப்பலகை உடைந்து கிடக்கிறது, பன்றி விட்டுவைத்த கன்றின் மேல் டயர் ஏறியிருக்கிறது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பழம் வெட்டும் வங்காளதேசப் பையன்கள் இரண்டு பேர் அங்கேயே கொட்டகையில் தங்குகிறார்கள், அதன் தகரச் சுவரில் போன வாரம் ஐந்தாறு சின்ன ஓட்டை. படுக்கிற மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. அன்றைக்கு இரண்டு பேரும் சுங்கை பாக்காப்பில் சொந்தக்காரர் அறைக்குப் போயிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

தம்பி ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒருவரை மடக்கிக் கேட்டிருக்கிறான். அவர் சாவகாசமாகச் சொன்ன பதில், “பலகை ஒன்றும் இல்லையே பாஸ், வேலியும் இல்லை.” போலீஸில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. என் கேள்வி இதுதான்: பலகை இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு வரலாம் என்று நம் மலேசியாவில் சட்டம் இருக்கிறதா?

தோட்டா_மணி:
தம்பி, முதலில் ஒன்று. ராத்திரியில் விளக்குக் கட்டிக்கொண்டு வருகிறவனை வேட்டைக்காரன் என்று சொல்லாதீர்கள், எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்குத் துப்பாக்கிக்குப் போலீஸ் லைசன்ஸ் இருக்கிறது, பன்றிக்குப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இருக்கிறது. எந்த மிருகத்தை, எந்தக் காலத்தில், எப்படி, எத்தனை மணிக்குச் சுடலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. கடமானுக்கும் கேளையாட்டுக்கும் 2009 இலேயே உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள், நாங்களும் கையை மடக்கிக்கொண்டோம். என் பெயரில் இருக்கிற துப்பாக்கியை என் மகன் எடுத்துச் சுட்டாலும் குற்றம்தான். தொலைந்துபோன ஒரு தோட்டாவுக்குக்கூடக் கணக்குச் சொல்லவேண்டிய நாடு இது.

ஆனால் நிலத்துக்காரர்கள் பேசுவதிலும் ஒரு பாதிதான் வருகிறது. பன்றி கன்றைத் தின்றால் எங்களுக்குத்தான் போன் அடிப்பீர்கள். “அண்ணே, இந்த வாரம் வந்துட்டுப் போங்க” என்று கெஞ்சுவீர்கள். செபராங் பிறையில் புலியா இருக்கிறது, பன்றியைப் பிடித்துத் தின்ன? ஒரு பன்றி ஒரு ஈட்டில் ஆறு ஏழு குட்டி போடும், சுடாவிட்டால் யார் குறைப்பது? அப்புறம் பன்றி நிலப்பட்டாவைப் பார்த்தா ஓடுகிறது? உங்கள் நிலத்தில் அடிபட்டு அடுத்த நிலத்தில் போய் விழும், அங்கே நான் போகாமல் இருந்தால் அது இரண்டு நாள் துடித்துச் சாகும். காலம் காலமாக இங்கே வழக்கம், வேலியும் பலகையும் இல்லாத செம்பனைக்குள் நடந்து போவோம், யாராவது வேண்டாம் என்றால் வெளியே வந்துவிடுவோம், அடித்தால் நிலத்துக்காரருக்கு ஒரு தொடை. பன்றிப் பிரட்டல் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்பிய ஆட்கள் எத்தனையோ பேர்.

நிபோங்காரன்:
அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கன்றுக்கு நடுவில் யார் நிற்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இருட்டில் தலைவிளக்கு மட்டும்தான் தெரிகிறது, நல்லவரா கெட்டவரா என்று அதில் எழுதியிருக்கவில்லை.

கோர்ட்டு_கிராணி:
ஜார்ஜ் டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை, வக்கீல் இல்லை, அதனால் பெரிய காரியம் என்றால் நேரில் போய் ஒருவரைப் பாருங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பலகை இருந்தால்தான் நிலம் உங்களுடையது என்று எந்தச் சட்டமும் இங்கே இல்லை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தாலே அது சிவில் தவறு, நஷ்டம் ஆனது என்று நிரூபிக்காமலேயே வழக்குப் போடலாம். சிக்கல் எங்கே என்றால் போலீஸ் அதற்கு வரமாட்டார்கள். போலீஸ் வர வேண்டுமென்றால் தண்டனைச் சட்டம் 441 ஆவது பிரிவு பொருந்த வேண்டும். அதில் நுழைந்தால் மட்டும் போதாது, குற்றம் செய்யவோ, நிலத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணம் இருந்திருக்க வேண்டும். “பன்றியைத் தேடி வந்தேன், யாரையும் மிரட்ட வரவில்லை” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே வழக்கு தள்ளாட ஆரம்பித்துவிடும். எல்லாம் நிரூபணமானாலும் 447 ஆவது பிரிவில் அதிகபட்சம் 6 மாதச் சிறை அல்லது 3,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அல்லது இரண்டும்.

இந்த வரையறை நேற்று எழுதியதில்லை. வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு 1860 இல் எழுதிய சட்டத்தைத்தான் 1871 இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கொண்டுவந்தார்கள், அதில் பினாங்கும் அடக்கம். 441 என்ற எண்கூட மாறவில்லை. இந்தியாவிலேயே 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள், நாம் இன்னும் அதையே வைத்திருக்கிறோம்.

ஆனால் மணி அண்ணன் சொன்ன இரண்டு உரிமமும் நிலத்துக்குள் நுழைய உரிமை தருவதில்லை. ஒன்று துப்பாக்கிக்கு, இன்னொன்று மிருகத்துக்கு. நிலத்துக்கு நிலத்துக்காரர்தான் சொல்லணும். வழக்கம் என்பது எதிராளி சும்மா இருக்கிற வரைக்கும்தான்.

சேகர் (நிபோங்காரன் பெயர் அதுதானே?), உங்கள் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். “என் நிலத்தில் ஆட்கள் நுழைகிறார்கள்” என்று எழுதியிருந்தால் அது தூங்கும். ஆள் தங்கும் கொட்டகைச் சுவரில் குண்டு பாய்ந்திருக்கிறது என்று படத்தோடு, உறைகளோடு, கார் எண்ணோடு போய் எழுதினால் அது வேறு கதை. நிலத்தை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பற்றி எழுதுங்கள். லைசன்ஸ் கொடுத்தவர்களுக்கு அதைப் பறிக்கவும் தெரியும்.

செராஸ்_வாசு:
இவ்வளவு பேச்சு எதுக்குங்க. கார் உள்ளே போனதும் கேட்டை இழுத்துப் பெரிய பூட்டாகப் போட்டுவிடுங்கள், விடிகிற வரைக்கும் கொசுக்கடியில் கிடக்கட்டும். இல்லை நாமும் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து ஒன்று, அப்புறம் டயரைப் பார்த்து ஒன்று.

கோர்ட்டு_கிராணி:
வாசு, பூட்டுப் போட்டு அடைத்து வைத்தால் அது சட்டவிரோதத் தடுப்பு, வழக்கு சேகர் மேல் வரும். வெறுமனே நிலத்தில் நுழைந்த ஆளைச் சுட்டால் “என் சொத்தைக் காப்பாற்றினேன்” என்பது நிற்காது. சொத்துக்காக உயிரை எடுக்க 103 ஆவது பிரிவு விடுகிற இடங்கள் குறைவு. கொள்ளை, ராத்திரியில் வீட்டை உடைப்பது, வீட்டுக்குத் தீ வைப்பது, உயிருக்கே ஆபத்து என்று பயப்பட நியாயமான காரணம் இருக்கிற சில சந்தர்ப்பங்கள். செம்பனைக் கன்று அதில் வராது. லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் 14 வருஷம் வரை சிறை, கூடவே பிரம்படி. செராஸில் இருந்து யோசனை சொல்வது சுலபம்.

பழைய_லயம்:
நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்துமீறல் சட்டம் என்றதும் எல்லாரும் நிலத்துக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். நம்மில் பாதிப் பேருடைய தாத்தா அந்தச் சட்டத்துக்கு மறுபக்கம் நின்றவர். தோட்டம் என்றால் ரோடு துரையுடையது, லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) துரையுடையது, கோயில் திடல் துரையுடையது. தொழிற்சங்கத்து ஆள் சைக்கிளில் வந்து லயத்து வாசலில் நாலு வார்த்தை பேசினால் அது அத்துமீறல், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) போய்ச் சொல்ல, துரை போலீஸைக் கூப்பிட, ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 1941 இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் நடந்ததும் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தியதும் தெரிந்திருக்கும். 1954 இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் வந்த பிறகும் வாசலில் அனுமதி கேட்டு நின்ற கதை எங்கள் அப்பா நிறையச் சொல்வார். நான் சின்ன வயதில், கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன அக்காவைப் பார்க்கப் போனால் ஜாகா (காவலாளி) என் ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்.

அதனால் சேகர் தம்பிக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் “நுழைந்தாலே குற்றம்” என்று சட்டத்தை இறுக்கச் சொல்லுமுன் அது யார் மேல் முதலில் பாயும் என்று யோசியுங்கள். ஹைலக்ஸ்காரன் மேல் பாயாது. வாய்க்காலில் மீன் பிடிக்கிற பையன் மேலும், கீரை பறிக்கிற கிழவி மேலும்தான் பாயும்.

செராஸ்_வாசு:
ஐயா சொல்வது சரிதான், ஆனால் அதே கணக்கில் நம்ம கோயில்கள் பல தனியார் நிலத்தில்

மட்டுறுத்துநர்:
வாசுவின் பதிவைப் பாதியோடு வெட்டியிருக்கிறேன். கோயில் நிலம் பற்றித் தனி இழை ஓடுகிறது, அங்கே எழுதுங்கள். இங்கே வேட்டை, நிலம், அனுமதி மட்டும்.

பனிக்காட்டுப்_பினாங்குக்காரி:
நான் பிறந்தது பிறையில், இப்போது கனடாவில் சஸ்காட்செவான் மாநிலத்தில் இருக்கிறேன். சேகர் கேட்ட இதே கேள்விக்கு இங்கே ஒரு மாநிலமே வருஷக்கணக்கில் சண்டை போட்டது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே முன்பு இருந்த முறை மணி அண்ணன் சொன்ன வழக்கம்தான், ஆனால் சட்டமாகவே இருந்தது. பலகை வைக்காத வயல் என்றால் வேட்டைக்காரர் நடந்து போகலாம், வேண்டாம் என்கிற நிலத்துக்காரர்தான் பலகை நட்டு வைக்கணும். ஊர் அளவைப் புரிந்துகொள்ளுங்கள், ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரமாக 640 ஏக்கர் 640 ஏக்கராக அளந்து வைத்த நாடு, ஒருவருக்கே அப்படிப் பல சதுரம் இருக்கும், எல்லா மூலையிலும் பலகை நடுவதென்றால் அதுவே ஒரு வேலை. காற்றில் விழும், சிலர் பிடுங்கியும் போடுவார்கள். கிராமப்புறத் திருட்டு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிருக்கு வருகிற வேர்முண்டு நோய், அது மண்ணில்தான் பரவும், வேட்டைக்காரர் வண்டி டயரில் ஒட்டிய சேறு போதும். இதையெல்லாம் சொல்லி 2019 இல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஜனவரி 1 முதல் சுமையை அப்படியே மாற்றிப் போட்டார்கள். பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேட்டைக்காரர்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும். எழுத்தில் வேண்டும் என்றில்லை, வாயால் சொன்னாலும் போதும், குறுஞ்செய்தியும் போதும்.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சாவு நிற்கிறது. 2016 ஆகஸ்டில் கோல்டன் பூஷி என்ற 22 வயது க்ரீ பழங்குடிப் பையன் நண்பர்களோடு காரில் ஒரு பண்ணைக்குள் போனான். அங்கே சுடப்பட்டுச் செத்தான். சுட்ட விவசாயியை 2018 பிப்ரவரியில் ஜூரி விடுதலை செய்தது. அதற்கு அப்புறம் கிராமத்து நிலத்துக்காரர்கள் “எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்” என்று கேட்டது ஒரு காதில், பழங்குடி மக்கள் “எங்களைப் பார்த்தாலே திருடன் என்கிறீர்கள், இனி அனுமதி கேட்கப் போனாலும் துப்பாக்கிதான் பதில் சொல்லும்” என்றது இன்னொரு காதில். அரசாங்கத்தோடு செய்த பழைய ஒப்பந்தப்படி அவர்களுக்கு வேட்டை உரிமை இருக்கிறது, ஆனால் அது செல்லுபடியாகிற நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது. லயத்து ஐயா சொன்னதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

தோட்டா_மணி:
அக்கா, கேட்கணும் என்று சொல்வது சுலபம். யாரிடம் கேட்பது? இங்கே ஒரு ஐந்து ஏக்கரை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டாவில் செத்துப்போன தாத்தா பெயர், பிள்ளைகள் ஒருவர் பெட்டாலிங் ஜெயாவில், ஒருவர் சிங்கப்பூரில், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு சீனர், பழம் வெட்டுகிறவர் வெளிநாட்டுக்காரர். நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அங்கே எப்படிச் செய்கிறார்கள்?

பனிக்காட்டுப்_பினாங்குக்காரி:
அதே தலைவலிதான். ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு வரைபடம் விற்கும், சதுரம் சதுரமாக நிலத்துக்காரர் பெயர் போட்டிருக்கும். வேட்டைக்காரர் வண்டியில் அது கட்டாயம் இருக்கும். பெயர் கிடைத்துவிடும், போன் நம்பர் கிடைக்காது. கேட்கிற முறையும் ஒன்று இருக்கிறது, சீசன் தொடங்குமுன் பகலில் போய்க் கதவைத் தட்டணும், துப்பாக்கி வண்டியிலேயே இருக்கணும், எந்த மிருகம், எந்த நாள், எந்த வண்டி என்று சொல்லணும். தெரிந்த முகமாக இருந்தால் உடனே சரி என்பார்கள். என் வீட்டுக்காரர் மாதிரி கறுத்த முகம் போய் நின்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேள்வி வரும், அதையும் சொல்லித்தான் ஆகணும். அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில் 2021 இல் வேறு வழி பிடித்தார்கள், நிலத்துக்காரர் பலகை நடாமல் அரசாங்க இணையதளத்தில் பதிந்தாலே போதும், வேட்டைக்காரர் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளணும்.

டுரியான்_தவுக்கே:
பாலிக் புலாவில் டுரியான் தோட்டம். எங்களுக்குச் சட்டப் புத்தகத்தைவிட உயிர் முக்கியம், ஏனென்றால் சீசனில் ராத்திரி முழுக்க ஆள் மரத்தடியில்தான் இருக்கும். வலை கட்டாத மரத்தில் பழம் விழுகிற சத்தம் கேட்டதும் விளக்கோடு ஓடணும், பன்றி நம்மைவிட வேகமாக ஓடி வரும். அந்த நேரத்தில் புதரில் ஏதோ அசைந்தது என்று எவனாவது விசையை அழுத்தினால் போவது நம்ம ஆள்.

அதனால் நான் செய்தது, மூன்றே மூன்று வேட்டைக்காரர்களுக்குத்தான் அனுமதி, பெயர், கார் எண், லைசன்ஸ் நகல் எல்லாம் என்னிடம் இருக்கிறது. வருமுன் வாட்ஸ்அப் குழுவில் போடணும், நான் சரி என்று போட்டால்தான் வரலாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், மணி அண்ணன் சொன்ன மாதிரி அடிபட்ட பன்றி எல்லை தாண்டி ஓடினால் அங்கேயே கேட்டுவிட்டு அடுத்த நிலத்துக்குள் போவார்கள். பழம் விழுகிற மாதங்களில் யாருக்கும் அனுமதி இல்லை, பன்றி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் வந்தால் இந்த மூன்று பேரே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறார்கள், காவலுக்குச் சம்பளம் கொடுக்காமல் காவல்.

ஒன்று, வன்பொருள் கடையில் விற்கிற அந்தச் சிவப்புப் பலகையை வாங்கி மாட்டாதீர்கள், சிப்பாய் துப்பாக்கி நீட்டுகிற படம் போட்டது. அது அரசாங்கம் 1959 ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் இடம் என்று அறிவித்த இடங்களுக்கு. உங்கள் செம்பனைக்கு எந்தச் சிப்பாயும் வரப்போவதில்லை, பார்க்கிறவன் சிரிப்பான். எங்கள் ரோட்டில் ஒருவர் கோழிக்கூண்டுக்கே மாட்டி வைத்திருக்கிறார்.

செராஸ்_வாசு:
அமெரிக்கா என்றதும் ஒன்று. வயோமிங்கில் நிலம் சதுரங்கப் பலகைதான், ஒரு கட்டம் அரசாங்கத்துடையது, அடுத்த கட்டம் தனியாருடையது, ரயில் பாதை போட்ட காலத்தில் அப்படிப் பிரித்துக் கொடுத்தது. 2021 இல் மிசூரியிலிருந்து வந்த நாலு வேட்டைக்காரர்கள் ஓர் அரசாங்கக் கட்டத்திலிருந்து அடுத்த அரசாங்கக் கட்டத்துக்கு மூலையில் கடக்க, கையோடு ஓர் ஏணி செய்து கொண்டுபோனார்கள். மூலைக்கல் மேல் ஏணியை விரித்து ஏறி இறங்கினார்கள், தனியார் மண்ணில் கால் படவே இல்லை. நிலத்துக்காரர் விடவில்லை, காற்றும் என்னுடையது என்றார். 2022 இல் ஜூரி விடுதலை. அப்புறம் அவர் என் நில மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துபோச்சு என்று சிவில் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசாங்க நிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்கிற 1885 ஆம் ஆண்டு வேலிச் சட்டத்தை எடுத்துக் காட்டி வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பு. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. ஓர் ஏணிக்கு எத்தனை வக்கீல் சாப்பிட்டிருப்பார்கள் பாருங்கள்.

பழைய_லயம்:
வாசு தம்பி முதன்முதலாக உருப்படியாக ஒன்று எழுதியிருக்கிறது. அந்த நாலு பேரிடம் ஒன்றைக் கவனியுங்கள், எல்லை எங்கே என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். இங்கே வருகிறவனுக்கு எல்லை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

பழங்குடி பற்றிப் பினாங்குக்காரம்மா சொன்னதற்கு இங்கேயும் ஒத்தது உண்டு. 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓராங் அஸ்லி என்கிற நம் நாட்டுப் பழங்குடிகளுக்கு என்று பத்து வகை உயிர்களைத் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், காட்டுப்பன்றியும் அதில் ஒன்று. குடும்பம் சாப்பிட வேட்டையாடலாம், விற்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காடு செம்பனையாக மாறிவிட்டால் அந்தப் பத்தையும் எங்கே போய்த் தேடுவார்கள்? செம்பனைக்குள் வந்தால் அவர்களும் அத்துமீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள், அவர்கள் பாட்டன் நடந்த இடத்திலேயே. பாலிங் பக்கம் எனக்குப் பழக்கமான கென்சியூ பழங்குடி ஆள் ஒருவர் உண்டு, அவரை எந்தத் தோட்டத்துக் காவலாளியும் உள்ளே விடமாட்டார்கள். அதே வாசலில் லைசன்ஸ் வைத்திருக்கிற, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரின் வண்டி ஹாரன் அடித்தால் திறக்கும்.

கோர்ட்டு_கிராணி:
ஐயா சொன்னதை ஒட்டி ஒரு கணக்கு. தனியார் நிலத்தில் கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால் அதிகபட்சம் 3,000 வெள்ளி என்றேன். அரசாங்க நிலத்தை அனுமதி இல்லாமல் பிடித்து வைத்தாலோ பயிர் செய்தாலோ, தேசிய நிலச் சட்டம் 425 ஆவது பிரிவில் 500,000 வெள்ளி வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை. முன்பு அபராதம் இதில் ஒரு துளிதான், பிறகு திருத்தி ஏற்றினார்கள். 2020 இல் பகாங் ராவுப்பில் அரசாங்க நிலத்தில் பயிர் செய்த டுரியான் விவசாயிகள் பிரச்சினையில் அத்துமீறியவர்கள் என்ற சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்துப் பாருங்கள். வனவிலங்குச் சட்டத்தையும் 2022 இல் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். மாறாமல் கிடப்பது சேகர் மாதிரி சின்ன நிலத்துக்காரரும் வேட்டைக்காரரும் சந்திக்கிற அந்த இடம் மட்டும்தான்.

நான் சட்டம் எழுதினால் எண்ணத்தை நிரூபிக்கிற பாரத்தைத் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் எடுத்துவிடுவேன். மீன் பிடிக்கிற பையனுக்குப் பழைய சட்டமே இருக்கட்டும். துப்பாக்கியோடு அடுத்தவர் நிலத்தில் நிற்கிறவர், பலகை இருக்கிறதோ இல்லையோ, அனுமதியைக் காட்ட வேண்டும். போனில் ஒரு செய்தி போதும். காட்ட முடியவில்லை என்றால் அபராதம் வேண்டாம், லைசன்ஸ் புதுப்பிக்கும்போது அது பேசட்டும்.

பனிக்காட்டுப்_பினாங்குக்காரி:
இதற்கு நான் கை தூக்குகிறேன். வெளிநாடுகளில் யாரும் எங்கேயும் நடக்கலாம் என்ற உரிமையைப் பெருமையாகச் சொல்வார்கள், ஸ்காட்லாந்தில் 2003 இல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அங்கேயும் வேட்டைக்கும் சுடுவதற்கும் அந்த உரிமை கிடையாது. நடக்கிறவர் வேறு, சுடுகிறவர் வேறு.

டுரியான்_தவுக்கே:
நோய் விஷயத்தையும் விடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 இல் சபாவில் தெரிந்தது, அப்புறம் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பண்ணைக்குள் போனால் பன்றிகளை வாரிக்கொண்டு போய்விடும். ரத்தத்திலும் இறைச்சியிலும் பூட்ஸ் சேற்றிலும் அது பயணம் செய்யும். சேகர் நிலம் இருக்கிற வட்டாரத்தில் வால்டோர் பக்கம் பன்றிப் பண்ணைகள் இருக்கின்றன. ராத்திரி ஒரு செம்பனையில் பன்றியை அறுத்துக் குடலை வாய்க்காலில் போட்டுவிட்டு அதே வண்டியில் பண்ணை ரோட்டில் போகிறவனை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நிலத்துக்காரர் சங்கடம் மட்டும் இல்லை இது.

தோட்டா_மணி:
குடலை வாய்க்காலில் போடுகிறவனை நானே பிடித்துக் கொடுப்பேன். நாங்கள் குழி வெட்டிப் புதைப்போம்.

சரி, கிராணி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அனுமதியைக் காட்டணும் என்றால் எனக்கு நஷ்டம் இல்லை, திருட்டுத்தனமாக வருகிறவனுக்குத்தான் நஷ்டம். ஒரு நிபந்தனை, நிலத்துக்காரரும் தன்னைக் கண்டுபிடிக்க வழி வைக்கணும். நம்பரே போடாமல் “நுழையாதே” என்று மட்டும் எழுதி வைத்தால், பன்றி பெருகும்போது எங்களைத் திட்டாதீர்கள். அடிபட்ட பன்றியைத் தேடி எல்லை தாண்டுவதற்கும் ஒரு வழி வேண்டும். துப்பாக்கியைக் காலி செய்து மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, போன் பண்ணிவிட்டுப் போகிறோம், அதற்காவது விடுங்கள்.

நிபோங்காரன்:
எல்லாருக்கும் நன்றி. தம்பியோடு பேசினேன். கொட்டகைச் சுவரைப் படம் எடுத்து, உறைகளைப் பையில் போட்டு, புதிதாக ரிப்போர்ட் எழுதப் போகிறோம், இந்த முறை துப்பாக்கி என்ற சொல் முதல் வரியிலேயே வரும். பலகையும் வைக்கிறோம், மலாயில், சீனத்தில், தமிழில்: ஆள் தங்கும் நிலம், துப்பாக்கியோடு வர அனுமதி கேட்கவும், கீழே தம்பி நம்பர். சிப்பாய்ப் படம் இல்லை. பக்கத்து நிலக்காரர் மூன்று பேரை வாட்ஸ்அப்பில் சேர்த்தாயிற்று, ஒருவர் மட்டும் “எனக்கு எதுக்குப்பா வம்பு” என்று வெளியேறிவிட்டார். பெரிய தோட்டத்து மேனேஜருக்குக் கடிதம் எழுதணும், அவர்கள் பக்கமிருந்துதான் பன்றி வருகிறது, ஆட்களும் அந்த ரோட்டில்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மணி அண்ணே, உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பகலில் வந்து ஒரு தடவை நிலத்தைப் பார்த்துவிட்டுப் போக முடியுமா?

தோட்டா_மணி:
பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், துப்பாக்கி இல்லாமல், தடம் மட்டும் பார்க்க. கொட்டகை எங்கே, பையன்கள் எத்தனை மணிக்கு வெளியே வருவார்கள், எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று தம்பியை எனக்குக் காட்டச் சொல்லுங்கள், அது தெரியாமல் நான் அங்கே ஒரு தோட்டாகூடப் போடமாட்டேன். அப்புறம் அந்தப் பலகையை ரோட்டுப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட நடைப்பலகை உடைந்து கிடக்கிறது என்றீர்களே, அப்படியென்றால் அவர்கள் வண்டியைத் தோட்டத்து ரோட்டில் நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகவும் நடந்து வருகிறார்கள். அங்கே ஒன்று வையுங்கள், தலைவிளக்கு உயரத்துக்கு, ஒளி பட்டால் மின்னுகிற பெயின்ட்டில்.

கோர்ட்டு_கிராணி:
வைத்த அன்றைக்கே தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சேகர். யாராவது பிடுங்கிப் போட்டால் அதுக்கும் தனி ரிப்போர்ட்.